ஸ்டெல்லாவின் கறுத்த திரை

ஞாயிறு இரவு.

கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் என்றால் தாம்பரம் முதல் வண்டலூர் வரை என் பெயரைத்தான் சொல்வார்கள். தூரத்துக் கம்ப்யூட்டரை இங்கிருந்தே இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் மென்பொருளை, அதில் அப்படியே ஏற்றக்கூடிய பேக்கேஜாகக் கட்டுவதில் என்னை மிஞ்ச ஜெர்மனியில்கூட ஆள் கிடையாது.

அக்கா மகள் ஸ்டெல்லா கால் முறிந்து பெரும்பாக்கத்தில் படுத்திருக்கிறாள். பல்லாவரம் ஆபீஸ் கம்ப்யூட்டரை வீட்டிலிருந்தே இயக்கி அவள் வேலை பார்ப்பது என் பேக்கேஜின் புண்ணியத்தில்தான். இன்று சாயங்காலம் அதே இணைப்பின் வழியாக உள்ளே போய்ப் புதிய பேக்கேஜை ஏற்றினேன். அது பழையதை நிறுத்தியது. புதியதைக் கிளப்பும் வரியை நான் எழுதவே இல்லை. திரை கறுத்துவிட்டது. இனி ஆபீஸுக்குப் போய்த்தான் சரிசெய்ய முடியும். ஆபீஸ் சாவியோடு அவள் முதலாளி ஊருக்குப் போயிருக்கிறார். காலையில் அவள் ரிப்போர்ட் அனுப்பாவிட்டால் வேலை போய்விடும்.

போன் செய்தாள். "என்ன மாமா, ஸ்கிரீன் கருப்பா இருக்கு?"

"அமெரிக்கா சர்வர் பிரச்சினைம்மா. நானே கூப்பிட்டுக் கத்திட்டேன். அலறி அடிச்சு சரி பண்ணிட்டிருக்கான்."

"நீங்க இருக்கறப்போ எனக்கென்ன கவலை மாமா? நான் தூங்கறேன்."

தூங்கியும் இருப்பாள். அமெரிக்காவில் எனக்கு ஒருவரையும் தெரியாது.