கையில் ஊற்றிப் பார்த்த தண்ணீர்

மச்சாள்,

இன்று காலை வேலைத்தலத்துச் சமையலறையில் யாரோ முட்டையை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனார்கள். தண்ணீர் வற்றி, ஓடு வெடித்து, அந்த மணம் உடுப்பு மாற்றும் அறை வரைக்கும் வந்துவிட்டது. மற்றப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு யன்னலைத் திறந்தார்கள். நான் ஒரு சப்பாத்தைக் காலிலும் மற்றதைக் கையிலும் வைத்துக்கொண்டு வாங்கிலில் அப்படியே இருந்துவிட்டேன். டென்மார்க்கின் இந்த ஹொல்ஸ்டெப்ரோவில் இந்த மணத்துக்கு ஐஸ்லாந்து ஞாபகம் வருகிற ஆள் இனி நான் ஒருத்திதான்.

ரெய்க்யாவிக்கில் நாங்கள் தங்கிய அறையில் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்ததும் நீங்கள் முகத்தைச் சுழித்தீர்கள். "ஆர் இதுக்குள்ள முட்டை அவிச்சது?" என்று கேட்டீர்கள். நிலத்துக்குள்ளிருந்து வருகிற தண்ணீர், கந்தக மணம் இருக்கத்தான் செய்யும் என்றேன். "அதுதானே, எரிமலைத் தண்ணியெண்டாப் பிறகு பன்னீர் மணமே வரும்?" என்று, ஏதோ நான்தான் குறை சொன்னது போல அதையும் என் பக்கம் திருப்பிவிட்டீர்கள். அந்த வாய்க்கு ஈடுகொடுக்க எனக்கு ஒரு நாளும் முடிந்ததில்லை.

நான் உங்கள் தம்பியைக் கட்டி டென்மார்க்குக்கு வந்தபோது நீங்கள் ஏற்கெனவே முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டிருந்தீர்கள். கொஞ்ச நாளில் என்னையும் அங்கேயே இழுத்துவிட்டீர்கள். மச்சாள்மார் என்றால் கீரியும் பாம்பும் என்பார்கள். எங்களுக்கு அதற்கெல்லாம் நேரமும் இருக்கவில்லை, தெம்பும் இருக்கவில்லை. காலையில் ஆளுக்கொரு பக்கமாகப் போய், படுக்கையில் கிடக்கிற கிழவன் கிழவிகளை எழுப்பி, குளிப்பாட்டி, உடுப்புப் போட்டு, கதிரையில் இருத்திவிட்டு, பின்னேரம் ஒரே காரில் திரும்பி வருவோம். வழியில் கதைக்க இரண்டு பேருக்கும் வாய் வராது.

அந்த வேலையில் உங்களுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. "தண்ணியை முதல் உம்மடை கையில ஊத்திப் பாரும். உமக்குக் குளிர்ந்தா அவைக்கு ரெண்டு மடங்கு குளிரும்." குழாயிலேயே சூட்டின் அளவு எழுதியிருக்கிறதே மச்சாள் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "குழாய்க்குத் தோல் இருக்கே?" என்று கேட்டுவிட்டு உங்கள் பாட்டில் போய்விட்டீர்கள்.

நீங்கள் ஓய்வுக்கு வந்த குளிர்காலத்தில்தான் அந்த ஆசை பிடித்தது. எங்கள் வீட்டு டிவியில் ஐஸ்லாந்தைக் காட்டினார்கள். பனி கொட்டக் கொட்ட, ஆவி பறக்கிற தண்ணீருக்குள் கழுத்தளவு ஆட்கள் இருந்தார்கள். நீங்கள் தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு ஒருக்கா அதுக்குள்ள இருக்கோணும்," என்றீர்கள். உங்கள் தம்பி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ஒரு சீலை வாங்கித் தந்தாலே "ஏன் வீண் சிலவு" என்று முறைக்கிற ஆள் நீங்கள். அத்தான் செத்து நீங்கள் தனித்துப்போன பிறகு வாய் திறந்து எதையும் கேட்டதில்லை. ஆட்களைத் தூக்கித் தூக்கி உங்கள் தோள் இரண்டும் இறங்கி, இடுப்பும் நாரியும் கல்லாகிப் போயிருந்தது எனக்குத் தெரியும். அதனால்தான் எனக்கு விடுமுறை கிடைத்தவுடன் கிளம்பினோம்.

விமானத்தில் முழுக்கக் கன்னியாக் கதைதான். சின்ன வயதில் திருகோணமலைக்குப் போய் அந்த வெந்நீர்க் கிணறுகளில் குளித்தது, ஏழு கிணற்றிலும் ஏழு விதமான சூடு, குறுக்குக்கட்டோடு நின்று வாளியால் அள்ளி அள்ளி வார்த்தது. ஐஸ்லாந்தும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டீர்கள். பெட்டிக்குள் பழைய பாவாடை ஒன்றை மடித்து வைத்திருந்தது போன பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

முதல் நீச்சல் தடாகத்தின் குளிக்கும் அறை கண்ணுக்குள் நிற்கிறது. சுவரில் ஒரு மனித உருவப் படம். உடம்பில் எங்கெங்கே சவர்க்காரம் போட வேண்டும் என்று சிவப்பு நிறத்தில் காட்டியிருந்தார்கள். உடுப்பில்லாமல் கழுவிவிட்டு, பிறகு நீச்சலுடை போட்டுக்கொண்டுதான் தண்ணீருக்குள் இறங்கலாம். டென்மார்க்கிலும் அதே சட்டம்தான். அதனால்தானே இத்தனை வருடமும் நாங்கள் தடாகப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. நீங்களோ பாவாடையை நெஞ்சுக்கு மேலே ஏற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு, கீரிமலைக் கேணிக்கு வந்த ஆள் மாதிரி விறுவிறென்று நடந்தீர்கள். அங்கே நின்ற பெண் மறித்தாள். மரியாதையாகத்தான் மறித்தாள். அவள் படத்தைக் காட்டினாள், நீங்கள் பாவாடையைக் காட்டினீர்கள். "சுத்தமானது, தோய்த்துத்தான் கொண்டுவந்தேன்," என்று டெனிஷில் சொன்னீர்கள். அவள் சிரித்தபடியே தலையை ஆட்டினாள். நானும் துவாயைச் சுற்றிக்கொண்டு உங்களுக்குப் பின்னால் ஒளிந்துதான் நின்றேன். நீங்கள் திரும்பி நடந்தீர்கள், நானும் பின்னால் வந்தேன்.

காருக்குள் ஏறி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். வெளியே எரிமலைக் கல் கறுத்துப் போய்க் கிடந்தது, அடிப்பிடித்த பானையைச் சுரண்டிக் கொட்டியது போல. எனக்குக் கோபம் வந்தது. வந்த களைப்பும் கார் ஓடின களைப்பும் சேர்ந்து வாயில் வந்துவிட்டது.

"மச்சாள், எத்தினை வருசமா நாங்கள் ஆற்றையெல்லாம் உடுப்பைக் கழட்டிக் குளிப்பாட்டுறம். அவை எங்களிட்டை வெக்கப்பட்டவையே?"

நீங்கள் யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்: "பட்டவை. அவைக்கு வேற வழியில்லை, அதாலை விட்டவை. எனக்கு இன்னும் வழி இருக்கு."

நான் காரைக் கிளப்பினேன்.

பிறகு நாங்கள் ஓடித் திரிந்தோம். ஆவி விடுகிற நிலம், சேறு கொதிக்கிற குழி, வானத்துக்குச் சீறி எழும்புகிற தண்ணீர் எல்லாம் பார்த்தோம். நீங்கள் பாதியைக் காருக்குள் இருந்தே பார்த்தீர்கள். "வடிவாத்தான் கிடக்கு," என்றீர்கள், கலியாண வீட்டில் சாப்பாடு பிடிக்காத ஆட்கள் சொல்கிற குரலில். இவ்வளவு தூரம் வந்தும் நாரியில் ஒரு சொட்டுச் சுடுதண்ணீர் படாமல் நீங்கள் திரும்பப் போகிறீர்கள் என்ற எண்ணம் எனக்கு உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு முறை நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

கடைசி நாள் ஒரு சின்ன ஊர்த் தடாகத்துக்கு முன்னால் காரை நிறுத்தினேன். "நான் போறன். நீங்கள் வந்தா வாங்கோ, வராட்டி இருங்கோ," என்றேன். நீங்கள் பாவாடையை எடுத்துக்கொண்டு இறங்கினீர்கள். "சின்ன இடம். பாக்க ஆள் நிக்காது," என்றீர்கள். சரியாகத்தான் சொன்னீர்கள், மேற்பார்வைக்கு ஆள் இல்லை. ஒரேயொரு கிழவி மட்டும், தள்ளிக்கொண்டு நடக்கிற வண்டியைப் பக்கத்தில் விட்டுவிட்டு, பிளாஸ்டிக் முக்காலியில் இருந்து குளித்துக்கொண்டிருந்தா. அவவின் கையிலிருந்து சவர்க்காரம் வழுக்கி விழுந்தது. குனிய முயன்றா, முடியவில்லை.

அவ நிமிரவும் இல்லை, அதற்குள் நீங்கள் முழங்காலில் இருந்தீர்கள். சவர்க்காரத்தை எடுத்தீர்கள், அவவின் முகத்தைப் பார்த்து டெனிஷில் "உதவி செய்யட்டா?" என்று கேட்டீர்கள். அந்த ஊர்ப் பழைய ஆட்கள் பள்ளிக்கூடத்தில் டெனிஷ் படித்தவர்களாம். அவவின் டெனிஷும் நொண்டி, உங்களுடையதும் நொண்டி, அதனாலேயே இரண்டு பேருக்கும் நன்றாக விளங்கியது. தண்ணீரை முதலில் உங்கள் மணிக்கட்டில் விட்டுப் பார்த்தீர்கள். பிறகு கால், விரலிடுக்கு, முதுகு, கக்கம் என்று கை தன் பாட்டில் போனது. அவவைத் தூக்கி நிறுத்தும்போது நனைந்த பாவாடை கட்டவிழ்ந்து நிலத்தில் விழுந்தது. அவவின் கை உங்கள் தோளில் இருந்தது, விட்டால் விழுந்துவிடுவா. நீங்கள் குனிந்து எடுக்கவில்லை. "வழுக்கப் போகுது," என்று பாவாடையைக் காலால் எனக்குத் தள்ளிவிட்டுக் கழுவிக்கொண்டே இருந்தீர்கள்.

அதைப் பொறுக்கிக்கொண்டு நின்ற நான் அன்றைக்குத்தான் உங்கள் முதுகைப் பார்த்தேன், மச்சாள். தோளில் உள்சட்டைப் பட்டி அழுத்திய பள்ளங்கள். ஒரு தோள் மற்றதைவிட நன்றாக இறங்கியிருந்தது. எனக்கு அழுகை வந்தது.

கிழவி முக்காலியில் திரும்ப இருந்துகொண்டு, உங்கள் கையிலிருந்த கடற்பஞ்சை வாங்கினா. "இப்போது நீ திரும்பு," என்றா. நீங்கள் திரும்பி அவவுக்கு முன்னால் குந்தினீர்கள். அவ உங்கள் முதுகை மெல்ல மெல்லத் தேய்த்தா. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, "அம்மாக்குப் பிறகு இவதான்," என்று தமிழில் சொன்னீர்கள். நான் துவாயை ஆணியில் கொழுவிவிட்டு உங்களுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

வெளியே மழையும் பனியும் கலந்து அடித்துக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் இறங்கிக் கழுத்து மட்டும் தெரிய இருந்தோம். எரிமலை, வானம் எல்லாம் ரசித்தீர்கள் என்று எழுத ஆசைதான். ஆனால் நீங்கள் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டீர்கள். வாய்க்குள் தண்ணீர் போகாமல் உங்கள் நாடியை என் கையில் தாங்கிக்கொண்டு, தலையில் விழுகிற பனியைத் துடைத்தபடி இருந்தேன். திடுக்கிட்டு விழித்து, "நாளைக்கு ஆருக்குக் காலமை வேலை?" என்று கேட்டீர்கள். உங்களுக்கு இனி வேலையே இல்லை என்றேன். "ஓம் என்ன," என்று மறுபடியும் கண்ணை மூடினீர்கள்.

அடுத்த கோடைக்குள் வருத்தம் வந்துவிட்டது. ஈரலில் தொடங்கிய புற்றுநோய் எங்கும் பரவிவிட்டது என்றார்கள். இஷொயிலிருந்து உங்கள் மகன் வந்து தங்கினான். உங்களைக் கழுவ நகரசபைக் கொம்யூனிலிருந்து ஆட்கள் வந்தார்கள், பாதிப் பேர் உங்களோடு வேலை செய்த பிள்ளைகள். நீங்கள் ஒருவரையும் கிட்ட எடுக்கவில்லை. போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, நாளைக்கு, நாளைக்கு என்று திருப்பி அனுப்பினீர்கள். மகன் எனக்குப் போன் எடுத்து, என்ன செய்வது என்று தெரியவில்லை மாமி என்று டெனிஷில் அழுதான். நான் வேலை முடிந்த உடுப்போடேயே வந்தேன்.

"எனக்கும் இனி வேற வழியில்லை என்ன?" என்று கேட்டீர்கள்.

"இருக்கு. ஐஸ்லாந்துக் கிழவியைத் தேய்க்க விட்டனீங்கள். அவவை விட நான் தூரமே?"

நீங்கள் போர்வையிலிருந்து கையை எடுத்தீர்கள். "அவவின்ரை கை நல்ல சூடு. நீர் உம்மடை கையைச் சூடாக்கிக்கொண்டு வாரும்," என்றீர்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும், அங்கே ஆட்களைக் கழுவி முடித்துவிட்டு, இங்கே வந்து உங்களைக் கழுவினேன். களைத்துப் போய்த்தான் வந்தேன். அதை மறைக்கவும் இல்லை. நீங்களும் "பாவம் நீர்" என்று ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கை ஓடியிருக்காது.

கடைசியில், நீங்கள் போன பிறகு, வைத்தியசாலையோடு இருந்த குளிர்ந்த அறையில் உங்களைக் குளிப்பாட்டினோம். ஐயர் சொன்னபடி பாலும் பன்னீரும் எல்லாம் இருந்தது. வாளியில் இருந்த தண்ணீரைத் தொட்டேன். பச்சைத் தண்ணீர். அங்கே நின்ற டெனிஷ்காரரிடம் சுடுதண்ணீர் வேண்டும் என்றேன். அவர் விளங்காமல் என்னைப் பார்த்தார். உங்கள் மகன் என் தோளைத் தொட்டு, "அம்மாவுக்கு இனி ஒன்றும் தெரியாது மாமி," என்று டெனிஷில் மெதுவாகச் சொன்னான். நான் வாளியை அந்த டெனிஷ்காரர் பக்கம் நகர்த்தினேன். அந்த மனிதர் போய்ச் சுடுதண்ணீர் கொண்டுவந்தார். நான் கலந்து, செம்பால் அள்ளி, முதலில் என் மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்தேன். உங்கள் மகன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, தன் கையையும் நீட்டினான். அவன் கையிலும் ஊற்றினேன்.

"இன்னும் கொஞ்சம் சூடா, மாமி," என்றான். தமிழில் சொன்னான்.

அவன் சொன்ன சூட்டில்தான் உங்களுக்கு வார்த்தோம்.

இன்று காலை மற்றச் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு எழும்பினேன். நாரி வலித்தது. என் நாரியும் இப்போது உங்கள் நாரியாகிவிட்டது. முதல் அறையில் இருக்கிற அம்மா விழித்துக்கொண்டு, போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துப் பிடித்தபடி கிடந்தா. நான் அவசரப்படுத்தவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, கையை நீட்டிக்கொண்டு, சூடு வரும் வரைக்கும் நின்றேன்.