பிரான்சுப் பெட்டியில் படம் நிற்கவில்லை

காரைக்கால்
12 அக்டோபர் 1986

அன்பு மகன் அற்புதராஜுக்கு,

மாதா காவலில் நீ நலமாக இருப்பாய். இங்கே அம்மாவும் நானும் சுகம். என் மானம் மட்டும் போன மாதம் ரேடியோ ரிப்பேர் நூகு கடையில் போய்விட்டது.

நீ அனுப்பிய டெலிவிஷனில் படம் சரியாக வரவில்லை என்று சொல்லப் போயிருந்தேன். "எந்த சேனல் வச்சீங்கண்ணே?" என்றான் நூகு. "அதெல்லாம் தனியா வாங்கல தம்பி, பெட்டியோடயே வந்திருக்கு" என்று பெருமையாகச் சொன்னேன். கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். டீ குடித்துக்கொண்டிருந்த பீர் மைதீனுக்குப் புரையேறிவிட்டது.

நான் என்ன செய்வேன்? இத்தனை வருஷம் ரேடியோவோடு குடும்பம் நடத்தியவன். அதற்கு ஏத்து, இறக்கு, நிறுத்து, இந்த வார்த்தைகள் போதும். கரகரத்தால் தலையில் ஒரு தட்டு. இந்தப் பெட்டிக்கோ ஆண்டெனா, பூஸ்டர், டியூனிங், பிரைட்னஸ், காண்ட்ராஸ்ட் என்று ஒரு பாடப்புத்தகமே வேண்டியிருக்கிறது. கோளாறை இங்கிலீஷில் எழுதுங்கள், பிரெஞ்சில் மாற்றிக் கடைக்காரனிடம் கேட்கிறேன் என்று நீ வேறு எழுதிவிட்டாய். எனக்குப் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு பாதியில் நின்றது, இங்கிலீஷ் தொடங்கவே இல்லை. ஆனாலும் நூகுவிடம் கேட்டு மனப்பாடம் செய்தேன். வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தால் அம்மா, "மொதல்ல உங்க வால்யூமக் கொறைங்க" என்கிறாள்.

இதோ எழுதுகிறேன். பிக்சர் ரோலிங். சவுண்ட் நில். கலர் நில். அதாவது, செய்தி வாசிக்கிற பெண்ணுக்கு முகம் கறுப்பாகவும் தலைமுடி வெள்ளையாகவும் தெரிகிறது. அவளும் ஓரிடத்தில் நிற்காமல் மேலே மேலே போய்க்கொண்டே இருக்கிறாள். வாய் அசைகிறது, சத்தம் இல்லை.

மாடியில் உயரமாகக் குழாய் நட்டு, ஆண்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி வைத்துத்தான் இந்தக் காட்சி. எதிர்வீட்டு ஜன்னத்துல் பிர்தௌஸின் துபாய்ப் பெட்டியில் அதே இலங்கை டிவி பளிச்சென்று வருகிறது. உன் சித்தப்பா அடைக்கலராஜ் நம் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கிய ஞாயிறு, துபாய் சாமான் எங்கே, பிரான்சு சாமான் எங்கே என்று கோயில் வாசலில் நின்று பேசியவன் நான். இப்போது அந்த அம்மா, "அண்ணே, நீங்களும் அக்காவும் நம்ம வூட்டுக்கு வந்து பாருங்க" என்று அன்பாகக் கூப்பிடுகிறார்கள். திட்டியிருந்தால் தேவலை.

நூகு முதலில் ஆண்டெனாவைக் குறை சொன்னான், பிறகு பூஸ்டரை, பிறகு என்னை. கடைசியில் நாகப்பட்டினத்தில் விசாரித்துவிட்டு வந்து விஷயத்தைச் சொன்னான். பிரான்சில் படம் அனுப்புகிற முறை வேறாம், நம் பக்கத்து முறை வேறாம். "அந்த ஊருக்குன்னே செஞ்ச பொட்டிண்ணே. இங்க ஓடாது. ஒரு சாமான மாத்துனா ஆகுற வேல இல்ல" என்றான்.

வாங்கும்முன் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா நீ? எரிச்சலாக இருக்கிறது. சரி, கூடையில் போட்டு பிரான்சு என்று எழுதினால் கல்லைக்கூட வாங்குகிற அப்பனுக்குப் பிறந்தவன்தானே.

அம்மா விஷயம் சொல்ல வேண்டும். இந்த வருஷமும் லீவு இல்லை, டெலிவிஷன் இருந்தால் உங்களுக்குப் பொழுது போகும் என்று நீ எழுதின நாளிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஓடாத பெட்டிக்குப் பூப்போட்ட துணி போர்த்தி, தினமும் தூசி தட்டுகிறாள். எதிர்வீட்டுக்குப் போயேன் என்றால், "எம் புள்ள வாங்கிக் குடுத்தது இருக்கறப்ப நான் ஏன் அடுத்த வூட்ல போய் ஒக்காரணும்?" என்கிறாள். அந்த முகத்தைப் பார்த்து நூகு சொன்னதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு சின்னச் சாமான் போட்டால் ஓடும், அது பிரான்சில்தான் கிடைக்கும், தபாலில் வந்தால் உடைந்துவிடும், அற்புதராஜ்தான் கையில் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப கிறிஸ்மஸுக்கு வந்துருவான்" என்று அவளே முடிவு செய்தாள். தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. அன்றைக்கு மறுசோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். உன் அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டிருக்கிறாள்.

ஆகவே நீ வந்துதான் ஆக வேண்டும். ஒரு திருகாணியைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தாலும் போதும். நூகு அதை மாட்டுவதுபோல் மாட்டிவிட்டு உதட்டைப் பிதுக்குவான். நீ பக்கத்தில் இருக்கும்போது அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டாள்.

மாதா உனக்கு நல்ல சுகத்தையும், லீவு தராத உன் முதலாளிக்குக் கொஞ்சம் இரக்கத்தையும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
லூர்துநாதன்

பி.கு.: இதை எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டாள், "உங்களுக்குப் பொட்டி ஓடணுமா, புள்ள வரணுமா?" என்று. பெட்டிதான் ஓட வேண்டும் என்று முறுக்காகச் சொன்னேன். அது எக்கேடு கெட்டால் என்ன, எனக்கும் உன்னைத்தான் பார்க்க வேண்டும் என்பதை வாய்விட்டுச் சொல்லவில்லை.