ஈரப் பெயிண்டில் ஒரு பொட்டு

ஞாயிறு, இரவு

கார் டேஷ்போர்டின் பிளாஸ்டிக் பட்டைகளைக் கழற்றி, பெயிண்ட் அடித்து மாடியில் வைத்திருந்தேன். கடலூர்க் காற்றில் சீக்கிரம் காய்ந்து தொலைக்காது. சாயங்காலம் விளக்கேற்றிய கையோடு மீனா வந்து, ஒரு பட்டையில் குங்குமம் வைத்துவிட்டாள். விரல் ரேகையோடு பதிந்துபோனது.

"காஞ்சிடுச்சான்னு ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?" என்று கத்தினேன்.

"நாளைக்கு சிதம்பரத்துக்கு மொத மொத தனியா ஓட்டிகினு போறேன். பயமா இருந்துச்சுங்க."

இத்தனை நாளும் பயமே இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். தேய்த்துவிட்டு மறுபடி அடிக்கலாமென்று உப்புத்தாளை எடுத்தேன். மனசு வரவில்லை. காலையில் அப்படியே மாட்டிவிடுவேன்.

எழுதும்போதே கண் சொருகுகிறது. அந்தச் சிவப்புப் பொட்டு வெள்ளாற்றுப் பாலத்தின்மேல் மெதுவாக மிதந்து போகிறது. பக்கத்து சீட்டில் என்னைத் தேடினேன். அவளுடைய கைப்பைதான் இருந்தது.