ஆயுள் ஐம்பது என்று போட்ட கட்டடம்

மார்ச் 3
புது வேலை வந்திருக்கிறது. நான்கு மாடிப் பழைய குடியிருப்பு. இடித்துப் புதிதாகக் கட்டினால் காற்றில் கலக்கும் கரியமில வாயு குறைவா, பழுதுபார்த்தால் குறைவா? செங்கல் சூளை முதல் கடைசி இடிபாடு வரை, வருஷத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டும். ஒரே ஒரு எண் போதும் என்றார் மேலாளர். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயரே ‘ஒத்தை நம்பர்’.

மார்ச் 6
முடித்துவிட்டேன்! புதுசுதான், சந்தேகமே இல்லை. பத்து மடங்கு வித்தியாசம். கணவரிடம் பீற்றிக்கொண்டேன். கொஞ்சம் ஓவராத் தெரியலையா என்றார். இவருக்கு என்ன தெரியும்.

மார்ச் 7
படம் எடுக்க அங்கே போனேன். முதல் மாடியில் வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கும் அக்கா டீ கொடுத்தார்.

“இடிச்சிட்டா நாங்க எங்கம்மா போறது?”

பேச்சை மாற்ற, எப்போது கட்டினது என்று கேட்டேன். ஐம்பத்திரண்டு வருஷமாம்.

ஐயையோ. மென்பொருள் எல்லாக் கட்டடத்துக்கும் ஆயுள் ஐம்பது என்று தானாகப் போட்டுக்கொள்ளும். கட்டின வருஷத்தை நானேதான் டைப் அடித்தேன், உறைக்கவில்லை. என் கணக்குப்படி இது செத்தே இரண்டு வருஷம்! மிச்ச ஆயுள் பூஜ்யத்துக்கும் கீழே போனதால், குறைந்தபட்சமாக ஒரே வருஷம் என்று வைத்து, பழுதுபார்ப்பதால் வரும் கரி மொத்தத்தையும் அந்த ஒரு வருஷத்தின் தலையில் கட்டியிருக்கிறது. ஏண்டி, செத்த கட்டடத்தில் உட்கார்ந்தா டீ குடித்தாய்? சிரிப்பு வந்தது. ஆனால் அறிக்கை மட்டும் போயிருந்தால் —

மார்ச் 11
பழுதுபார்த்தால் இருபது வருஷமும் தாங்கலாம், அறுபதும் தாங்கலாம் என்கிறார் கான்கிரீட்டைச் சோதித்த பொறியாளர். ஆயுள், செங்கல் வரும் தூரம், எத்தனை முறை ஜன்னல் மாற்றுவார்கள் — எல்லாவற்றையும் மாற்றி மாற்றி, கணக்கை ஆயிரம் தடவை ஓட்டினேன். பத்துக்கு எட்டுத் தடவை பழுதுபார்ப்பதுதான் நல்லது. மீதி இரண்டில் புதுசு. அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

மேலாளர் முறைத்தார். “இது அறிக்கையா, ஜோசியமா?”

“ஜோசியர்தான் சார் ஒரே பதிலாச் சொல்லுவாரு.”

மார்ச் 12
சொல்லியிருக்கக் கூடாதோ?

மார்ச் 18
கட்டட உரிமையாளர்கள் கூட்டம். மேலாளரே விளக்கினார், ஒரு வரி வெட்டாமல்! உறுதியாகச் சொல்ல முடியாதா என்று ஒருவர் கேட்டதும், என் ஜோசியர் வசனத்தைத் தன் சொந்தச் சரக்குபோல எடுத்துவிட்டார். கூட்டமே சிரித்தது. பழுதுபார்ப்பதென்று முடிவானது. போகட்டும், வசனம் அவருக்கே.

ஏப்ரல் 2
சாரம் கட்டிவிட்டார்கள். தையல் அக்காவைப் பார்க்கப் போனேன். இன்னும் எத்தனை வருஷம் நிற்கும் என்று கேட்டார். மழுப்ப மனம் வரவில்லை.

“சரியாத் தெரியலக்கா. இருபதும் இருக்கலாம், அறுபதும் இருக்கலாம்.”

கொஞ்சம் யோசித்தார். “எனக்கு இப்ப அம்பத்தெட்டு. அதுல எது வந்தாலும் எனக்குப் போதும்மா.”

சொல்லிவிட்டு, தன் ஜன்னலுக்கு வாங்கி வைத்திருந்த திரைத்துணியை வெட்ட ஆரம்பித்தார்.