நீ தப்பாய்ப் போட்ட கணக்குகள்

அடியே,

மாட்டிக்கொண்டாய். செத்துப்போய் இரண்டு வருஷம் கழித்தாவது மாட்டிக்கொண்டாயே, அந்த மட்டும் சந்தோஷம்.

நேற்று மதியம் உன் தங்கை கிள்ளையிலிருந்து கடலூருக்கு வந்திருந்தாள். நான் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டு வருகிறேன், ஆபீஸ் வராண்டாவில் ஒரு கட்டைப்பையோடு நிற்கிறாள். "வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறோம்க்கா. அக்காவோட நோட்டெல்லாம் பரண்மேல கெடந்துச்சு. எடைக்குப் போட மனசு வரல. நீங்க வச்சிக்கிறீங்களா?" என்றாள். இரண்டு வருஷமாக எட்டிப் பார்க்காதவள் இப்போது எதற்கு வருகிறாள், ஏதாவது சர்டிபிகேட் வேலை ஆகவேண்டுமோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. கேட்டும் விட்டேன். அந்தப் பெண்ணுக்கு முகம் சுண்டிவிட்டது. "இல்லக்கா, இத குடுக்கத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு டீ கூடக் குடிக்காமல் பஸ் ஏறிப் போய்விட்டாள். நான் இப்படித்தான் என்று உனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது பார்.

பையைப் பிரித்ததும் தையல் மிஷின் எண்ணெய் வாசனை அடித்தது. மிஷின் பலகைமேல் வைத்துத்தானே நீ கணக்குப் போடுவாய். மொத்தம் ஏழு நோட்டு. முதல் நோட்டில் நாலு பக்கம் புரட்டினேன். எட்டு மாதம் "எனக்கு வரலடி, எனக்கு வரலடி" என்று நீ சொன்ன கணக்கெல்லாம் அதில் சரியாக இருந்தது. ஒன்றுகூடப் பிசகவில்லை.

அப்போதே எனக்குச் சந்தேகம்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என்னை ஏதோ இளிச்சவாய் என்று நினைத்துக்கொண்டே போய்விட்டாய் என்று ஆகிவிடும்.

நம் இரண்டு பேருக்கும் அப்போது முப்பது தாண்டியிருந்தது. குரூப் ஃபோர் பரீட்சைக்கு ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புக் கணக்கைத் திரும்பவும் முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் பாஸ் செய்து எறிந்துவிட்டு வந்த தனிவட்டியும் விகிதமும் மீ.சி.ம.வும் வந்து கழுத்தைப் பிடித்தன. சிதம்பரத்தில் நூலகத்துக்குள் உட்கார்ந்தால் வாய் திறக்கக் கூடாது, அதனால் வெளியே சைக்கிள் ஸ்டாண்டில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே உட்கார்ந்தோம். கிள்ளையிலிருந்து நீ, குமராட்சியிலிருந்து நான். உன் அண்ணன் மகளின் ஏழாம் வகுப்புப் புத்தகம் ஒன்றுதான் நமக்குப் பொது. தினம் இருபத்தைந்து கணக்கு. முடித்ததும் தாளை மாற்றிக்கொண்டு திருத்த வேண்டும். தப்புப் போட்டவள் உட்கார்ந்து கேட்க வேண்டும், சரியாய்ப் போட்டவள் எழுந்து நின்று டீச்சர் மாதிரி விளக்க வேண்டும். இந்தச் சட்டம் போட்டது நீ. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

எனக்கு அந்த வேலை எவ்வளவு தேவை என்று உனக்கு மட்டும்தான் முழுசாகத் தெரியும். கட்டினவன் சென்னையில் கம்பெனி வேலை என்று மூன்று வருஷம் சொல்லிக்கொண்டிருந்தான். அங்கே அவனுக்கு இன்னொரு குடும்பம் இருந்தது. அதற்கப்புறம் அண்ணன் வீட்டில் அடுப்படி ஓரத்தில் பாய் போட்டுப் படுத்தவள் நான். அண்ணன் தெளிவாகச் சொல்லிவிட்டான்: "இந்த ஒரு தடவதான். பாஸ் ஆவலன்னா பேசாம திருப்பூர் கம்பெனிக்குப் போயிடு. இங்க நாலு பேரு நாலு விதமா கேக்குறாங்க." நமக்குள் இன்னொரு சங்கடமும் இருந்தது. நாம் இருவரும் ஒரே இட ஒதுக்கீட்டுப் பிரிவு. உனக்கு ஓர் இடம் கிடைத்தால் எனக்கு ஓர் இடம் குறையும். இதை நாம் ஒருநாளும் வாய்விட்டுப் பேசியதில்லை. நான் மட்டும் மனசுக்குள் தினம் பேசினேன்.

அதனால்தான் உன்னைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். எண்பது சென்டிமீட்டர் துணியில் ரவிக்கை வெட்டி, கைக்கும் பட்டிக்கும் மிச்சம் பிடிக்கிறவள் நீ. ஒருநாள் மழையில் என் மினிபஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. போன் போட்டு "எங்கடி வர்ற?" என்றாய். இன்னும் ஏழரை கிலோமீட்டர் என்றேன். ஆறு நிமிஷம் கழித்துத் திரும்பவும் கேட்டாய். அஞ்சு கிலோமீட்டர் என்றேன். "அப்ப இன்னும் பன்னெண்டு நிமிஷம். டீ சொல்லி வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாய். பன்னிரண்டாவது நிமிஷம் நான் இறங்கினேன், டீ ஆறவில்லை. அதே நாள், அரைமணி நேரம் கழித்து, வேகம், நேரம், தூரம் கணக்கில் நாலு தப்பு. எந்தப் பைத்தியக்காரி இதை நம்புவாள்?

அதிலும் அந்த ஆள், நாள் கணக்கு! பன்னிரண்டு ஆட்கள் இருபது நாளில் முடிக்கும் வேலையைப் பதினைந்து ஆட்கள் எத்தனை நாளில் முடிப்பார்கள்? எதிர் விகிதம். பதினாறு. நீ இருபத்தைந்து என்று எழுதி வைப்பாய். "ஏண்டி, ஆள் கூடினா நாள் குறையணும்டி!" என்று கத்துவேன். நீ நிதானமாகக் காலை நீட்டிக்கொண்டு, "எங்க ஊருக்கு வந்து பாரு. ஆளு ஜாஸ்தியானா பேச்சு ஜாஸ்தி, பேச்சு ஜாஸ்தியானா நாளும் ஜாஸ்தி. புக்கு எழுதுனவங்க கிள்ளை பக்கம் வந்ததில்ல போலருக்கு" என்பாய். சைக்கிள் எடுக்க வந்தவர்கள் சிரிப்பார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சொல்வேன். பெருக்கு, பிறகு வகு. மொத்த வேலையை முதலில் கண்டுபிடி. நாக்கு வறண்டுபோகும்.

உன் வீட்டு நோட்டை மட்டும் நீ காட்ட மாட்டாய். கேட்டால் அதன்மேல் உட்கார்ந்துகொள்வாய். "கிறுக்கல்டி, பாத்தா சிரிப்ப" என்பாய். ஒரு புதன்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. திருத்திய தாளை உன் மடியில் விட்டெறிந்தேன்.

"நீ வேணும்னே தப்பு போடுற. நான்தான் பெரிய புத்திசாலின்னு என்ன தூங்க வச்சிட்டு, வீட்ல ஒக்காந்து நீ தனியா படிக்கிற. என்ன ஏமாத்துற இல்ல?"

நீ கொஞ்சம்கூட அசரவில்லை. "ஆமாண்டி. உன்ன ஏமாத்தித்தான் நான் கலெக்டர் ஆவப் போறேன்" என்றாய்.

நாலு நாள் நான் வரவில்லை. அண்ணி, "என்னா, படிப்பு முடிஞ்சி போச்சா?" என்று ஒரு மாதிரி கேட்டாள். ஐந்தாம் நாள் உன் போன். "அந்த எதிர் விகிதம் இன்னும் மண்டைல ஏறலடி. வந்து ஒருதடவ சொல்லிக் குடுத்துட்டு அப்புறம் சண்ட போடு." வந்தேன். கூச்சமில்லாமல் சொல்கிறேன், கர்வத்தோடுதான் வந்தேன். என்னை விட்டால் இவளுக்கு நாதியில்லை என்ற கர்வம்.

நேற்று அந்த நோட்டைப் பார்த்தேன். அன்றன்றைக்கு நாம் போட வேண்டிய இருபத்தைந்து கணக்கையும் நீ முதல் நாளே வீட்டில் போட்டுப் பார்த்திருக்கிறாய். எல்லாம் சரி. அதில் தினமும் நாலைந்து கணக்கை மட்டும் சுழித்து வைத்திருக்கிறாய். சுழித்தவை எல்லாம் எனக்கு வராத கணக்குகள். நான் முழி பிதுங்கி, குருட்டாம்போக்கில் விடை எழுதுகிற வகை. ஒவ்வொரு சுழிக்குப் பக்கத்திலும் சின்ன எழுத்தில் இரண்டே வார்த்தை: அவ சொல்லட்டும்.

மறுநாள் அவற்றைத்தான் நீ தப்பாய்ப் போட்டிருக்கிறாய். அந்த வகையில் நீ திரும்பவும் தப்புப் போடுவாய், உனக்கு விளக்கவேண்டுமே என்று நான் முன்னாடி ராத்திரியே அந்தப் பாடத்தை முட்டி மோதிப் படித்துக்கொண்டு வருவேன். வாயால் சொல்லிச் சொல்லித்தான் எனக்கு அது பதிந்தது. கேட்டால் சண்டைக்கு வருவேன், நேராகச் சொல்லிக்கொடுத்தால் ரோஷப்பட்டுக்கொண்டு ஓடிவிடுவேன் என்று என்னை அளந்து வைத்திருந்திருக்கிறாய், துணியை அளக்கிற மாதிரி. உன்மேல் எனக்கு நேற்று வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அவ்வளவு கெட்டிக்காரியாடி நீ? யார் உன்னைக் கேட்டார்கள்?

கோபம் அடங்கிய பிறகுதான் வேறொன்று வந்து உட்கார்ந்தது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பரீட்சை அன்று நாம் இருவரும் கடலூருக்கு ஒன்றாகத்தான் வந்தோம், ஒரே பள்ளிக்கூடம், வேறு வேறு ஹால். இருநூறு கேள்வியும் முடித்த பிறகு எத்தனை ஏ, எத்தனை பி என்று நிரப்பிய வட்டங்களை எண்ணி எழுதவேண்டும். விடை தெரியாததற்கும் ஒரு வட்டம் உண்டு, அதையும் எண்ணவேண்டும். கூட்டினால் இருநூறு வரவேண்டும். எனக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்பது வந்தது. இரண்டாம் தடவையும் அதுதான். எங்கே ஒன்று விட்டேன் என்று தெரியாமல், எதையோ திருத்தி எழுதிவிட்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அழுதேன். திருப்பூர் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது.

நீ உன் கைக்குட்டையை என் மடியில் போட்டாய். அப்புறம் என் தொடையில் தட்டி, "நீயாவது எண்றதுல வுட்ட. நான் அந்த ஆளு நாளு கணக்கையே தப்பா போட்டுட்டு வந்திருக்கேன்" என்றாய். ஆறு ஆட்கள், பன்னிரண்டு நாள், ஒன்பது ஆட்கள் என்று வந்த கணக்கு. எட்டு என்று வரவேண்டும். "பதினெட்டுன்னு போட்டுட்டேன்டி" என்றாய்.

எனக்கு அழுகை நின்றுவிட்டது. சிரிப்பு வந்துவிட்டது. "உனக்கு எத்தன தடவடி சொல்றது, மரமண்ட!" என்று ஆரம்பித்து, ஆலப்பாக்கம் வரும்வரை மறுபடியும் முழுசாக விளக்கினேன். நீ கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கேட்டாய். பக்கத்து சீட்டு அம்மா, "நல்லா சொல்றியேம்மா, டீச்சரா?" என்று கேட்டார்கள். சிதம்பரம் வரும்போது நான் சாதாரணமாகிவிட்டேன்.

ரிசல்ட் வந்தது. எனக்குக் கிடைத்தது. உனக்கு ஒரே ஒரு கேள்வியில் போய்விட்டது. "அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்று எனக்கு வேலைக்குப் போட்டுக்கொண்டு போக இரண்டு ரவிக்கை தைத்துக் கொடுத்தாய். அடுத்த தடவைக்குள் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது சொல்லு. அந்தப் பதினெட்டு நிஜமா? என் அழுகையை நிறுத்துவதற்காகச் சொன்ன பொய்யா? இல்லை, எட்டு மாதம் எனக்காகத் தப்பாகவே போட்டுப் பழகிய உன் கை, அந்த ஹாலில், மணியடிக்கப் போகிற அவசரத்தில், பழக்க தோஷத்தில் தானாகப் போய் அந்த வட்டத்தை நிரப்பிவிட்டதா? அப்படியென்றால் அந்த ஒரு கேள்வி நான்தான். இந்த நாற்காலி, இந்தச் சம்பளம், அண்ணன் வீட்டை விட்டு வந்து நான் எடுத்திருக்கிற வாடகை வீடு எல்லாமே உன்னுடையதாகிவிடுமடி.

இன்று காலையில் உன் தங்கைக்குப் போன் செய்தேன். முதலில் நேற்றுக் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு, அக்காவின் பரீட்சைக் கேள்வித்தாள் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டேன். கேள்வித்தாளை வீட்டுக்குக் கொண்டுவர விடுவார்களே, நீ விடைகளை அதில் டிக் அடித்திருப்பாயே. கொஞ்ச நேரத்தில் திரும்பக் கூப்பிட்டாள். "இருக்குக்கா. எல்லாத்துக்கும் பேனாவுல டிக் பண்ணி வச்சிருக்கா. எந்தக் கேள்வின்னு சொல்லுங்க, பாத்து சொல்றேன்."

என்னை உனக்குத் தெரியும். சில்லறையை மூன்று தடவை எண்ணுகிறவள். பூட்டின கதவை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை போய்த் திரும்பிவந்து இன்னொரு தடவை இழுக்கிறவள். ஒருத்தன் சொன்னதைச் சரிபார்க்காமல் நம்பி மூன்று வருஷம் ஏமாந்ததிலிருந்து, யார் எதைச் சொன்னாலும் நோண்டிப் பார்க்காமல் விட்டதில்லை.

"வேண்டாம்மா, பாக்காத" என்று சொல்லிவிட்டேன். "அத அப்பிடியே மடிச்சி வச்சிடு."

பயந்தாங்கொள்ளி என்று நீ சொன்னால் சொல்லிக்கொள். பொய் சொன்ன ஒருவனால் வாழ்க்கை போனவள் நான், யாராவது என்னிடம் பொய் சொல்லியிருக்கவேண்டும் என்று இதுவரை வேண்டிக்கொண்டதே இல்லை. இந்த ஒரு தடவை சரிபார்க்காமலே நம்பிக்கொள்கிறேன்: அன்றைக்குப் பஸ்ஸில் நீ என்னிடம் சொன்னது பச்சைப் பொய்.