நீ தைத்துக் கொடுத்த நாடா

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

நானும் உன் தங்கை சிட்டுவும் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லாமல் இருக்கிறோம். சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டதா? பெரியவளிடம் என் விசிலை எடுத்து ஊதவேண்டாம் என்று சொல். பக்கத்து வீட்டுக்காரர்களிடமிருந்து உனக்குத்தான் ஏச்சு விழும்.

நேற்றுப் போனில், "என்னமோ பிசகிடுச்சு, வந்து சொல்றேன்" என்று மழுப்பிவிட்டேன். போனில் சொன்னால் நீ ஒரு அதட்டுப் போடுவாய், நான் வாயை மூடிக்கொள்வேன். அதனால்தான் எழுதுகிறேன். எங்கள் அணி மேனேஜர் நாளை மாலை ஊருக்குக் கிளம்புகிறார். அவரிடம் கொடுத்தனுப்பலாம் என்றிருக்கிறேன்.

இந்தப் பந்தயங்களில் நானும் ஒரு காலத்தில் ஓடியவன் என்பது உனக்குத் தெரியும். நாலாவதாக வந்ததும் தெரியும், அதை வைத்து என்னை 'நாலாமவரே' என்று இன்றுவரை கூப்பிடுகிறாயே. அப்போது கண் தெரியாதவர்களுக்கோ கால் இல்லாதவர்களுக்கோ இங்கே இடமே கிடையாது. பிறகு ஒரு வருஷம், எல்லாம் முடிந்து கொடி இறக்கிய பிற்பாடு அவர்களையும் கூப்பிட்டார்களாம். இங்கே சக்கர நாற்காலியில் உட்கார்ந்து குண்டு எறியும் ஓர் அண்ணன் இருக்கிறார், அவர்தான் சொன்னார். "நாங்க எறியறப்போ ஒருத்தன் கேலரியைக் கூட்டிப் பெருக்கிட்டிருந்தான். பரிசா ஆளுக்கொரு துண்டு குடுத்தாங்க, மூஞ்சியைத் துடைச்சிட்டுப் போயிட்டோம்" என்று சொல்லிச் சிரித்தார். அப்புறம் அவர்களுக்கென்று தனியாக வேறு மாதத்தில், வேறு மைதானத்தில் நடத்தினார்கள். பேப்பரில்கூட வராது. எத்தனையோ பேர் எழுதிக் கேட்டு, மல்லுக்கட்டி, இந்த முறைதான் எல்லாருக்கும் ஒரே மைதானம், ஒரே வாரம். அவர்கள் வாங்கும் பதக்கமும் நாட்டுக் கணக்கில் சேரும். அப்படிச் சேரும் முதல் தங்கம் சிட்டு வாங்குவது என்று எங்கள் அணியில் எல்லாரும் முடிவே கட்டிவிட்டார்கள்.

வாங்கியும்விட்டாள். நான்தான் அதைப் பறித்தேன்.

ஓட்டம் நன்றாகத்தான் தொடங்கியது. நீ தைத்துக் கொடுத்த நாடாவின் ஒரு முனையை அவள் கையிலும் மறுமுனையை என் கையிலும் மாட்டிக்கொண்டோம். அவள் காலும் என் காலும் ஒன்றாக விழுந்தன. பாதிக்கு மேல் பக்கத்தில் ஒருவரும் இல்லை. கூட்டம் எழுந்து நின்று கத்துகிறது. எனக்கு முன்னால் வெறும் வெள்ளைக் கோடு. என் வாழ்க்கையில் அந்தக் கோட்டை நான் அப்படிப் பார்த்ததே இல்லை, எப்போதும் மூன்று முதுகுகளுக்குப் பின்னால்தான் பார்த்திருக்கிறேன். என்ன சொல்ல! நாடாவின் அந்தப் பக்கம் ஒருத்தி இருக்கிறாள் என்பதே மறந்துபோயிற்று. நெஞ்சை முன்னால் தள்ளிக் கோட்டைத் தாண்டினேன்.

கண் தெரியாதவளுக்கு வழிகாட்டியாகக் கூட ஓடுகிறவன் அவளுக்கு முன்னால் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அவள் ஓடியது ஓட்டமே இல்லை. இதை உன்னிடமே சொல்லிச் சொல்லி உன் காது புளித்திருக்கும். பலகையில் எங்கள் பெயருக்கு எதிரே ஏறிய '1' என்ற எண், சற்று நேரத்தில் காணாமல் போனது. அவள் அதற்குள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அத்தான், அக்காவுக்குப் போன் போடுங்க" என்று குதித்துக்கொண்டிருந்தாள்.

நடுவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு வீடியோவை மெதுவாக ஓட்டிக் காட்டினார். சிட்டு கடைசிவரை துளியும் தளரவில்லை. என் நெஞ்சுதான் முந்திக்கொண்டு போகிறது. தலையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை எனக்கு.

இதுவரை சொன்னதுகூடப் பரவாயில்லை. திரும்பி வந்ததும் அவளாகவே, "நான்தான் கடைசியில தளர்ந்துட்டேன், இல்லையா? அதான் நீங்க முன்னாடி போயிட்டீங்க" என்றாள். 'இல்லை' என்று நான் சொல்லவில்லை. பேசாமல் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தேன். பார்வையுள்ள ஒருத்தி அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு என் சட்டையைப் பிடித்திருப்பாள். இவளிடம் நான் சொன்னால்தான் உண்டு. அது தெரிந்தேதான் சும்மா இருந்தேன். சே, என்ன மனுஷன் நான்.

நாளைக் காலை இருநூறு மீட்டர் இருக்கிறது. அவள் வேண்டாம் என்கிறாள். "திரும்பவும் தளர்ந்து உங்க பேரையும் கெடுத்துடுவேன், வேற யாராவது ஓடட்டும்" என்று மேனேஜரிடமே சொல்லிவிட்டாள். விடிந்ததும் பெயரை எடுத்துவிடுவார்கள். நான் வாய் திறக்காவிட்டால் அவள் இனி எந்தக் கோட்டையும் நம்பி ஓடமாட்டாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் அவளுக்கு எதிரில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். "அக்காவுக்கு அப்படி என்ன பக்கம் பக்கமா எழுதறீங்க, பேனா சத்தம் நிக்கவே மாட்டேங்குது" என்று கிண்டல் செய்கிறாள். தான் சொல்வதையும் எழுதச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: 'அக்கா, கடைசியில எனக்குத் தம் கட்டலை. அத்தானைத் திட்டாதே. பாவம், ராத்திரி சரியாச் சாப்பிடக்கூட இல்லை.'

எழுதிவிட்டேன். என் கையாலேயே எழுதினேன்.

இப்போது, "வாசிச்சுக் காட்டுங்க, நீங்க பாட்டுக்கு ஏதாவது சேர்த்திருப்பீங்க" என்கிறாள். அவள் சொன்ன மூன்று வரியை மட்டும் வாசித்தால் போதும், திருப்தியாக எழுந்து போய்விடுவாள். முதலிலிருந்து வாசிக்கப் போகிறேன். இந்தக் கடிதம் உன் கையில் இருந்தால், ஒரு வரி விடாமல் அவளிடம் வாசித்துவிட்டேன் என்று தெரிந்துகொள். அதற்கு அவள் என்ன சொன்னாள், நாளை நாடாவின் மறுமுனையை என்னிடம் கொடுத்தாளா, வேறு ஒருவரிடம் கொடுத்தாளா என்பதை அவளே உனக்குச் சொல்லட்டும்.

என்னைத் திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அதற்கு முன்னால் அவளைக் கூப்பிட்டு, 'நீ தளரவில்லை, நீதான் ஜெயித்தாய்' என்று உன் வாயால் ஒரு தடவை சொல். நான் சொன்னால் நம்புவாளோ என்னவோ. நீயும் பிள்ளைகளும் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் நாலாமவன்