முதல் மூன்றைத் திறந்தால் போதும்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மாடியில் போட்ட துணி மூன்றாவது நாளாகக் காயவில்லை. சாமுண்டி மலை இருக்கும் பக்கம் வெறும் வெள்ளை.

ஆபீசில் இன்று சர்க்கார் நீக்கச் சொன்ன வீடியோக்கள் மூன்று பட்டியல். நாங்கள் காண்ட்ராக்டில் வேலை பார்க்கும் வெளிநாட்டு வீடியோக் கம்பெனிக்கும் சர்க்காருக்கும் சண்டை முற்றிவிட்டது. எந்த வீடியோவை எடுக்கச் சொன்னாலும் உடனே எடுக்க வேண்டும் என்கிறது சர்க்கார். கம்பெனி கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. "சட்டத்தைவிடப் பெரியவர் யாரும் கிடையாது" என்று அமைச்சர் டிவியில் சொன்னார். "எங்கள் கம்பெனியைத் தொட்டால் வரி போடுவோம்" என்று கம்பெனியின் சொந்த நாட்டு அரசு மிரட்டுகிறது. நடுவில் ஷேர் விலை இறங்கிக்கொண்டே இருக்கிறது.

மேனேஜர் சுப்ரமணி சார் (இனி சு.சா., முழுப் பெயர் எழுதக் கை வலிக்கிறது) நாள் முழுக்க போனில் அந்த விலையையே பார்க்கிறார். அவரிடம் ஒரு ஷேர்கூடக் கிடையாது. ஆனால் அங்கே விலை இறங்கினால் முதலில் வீட்டுக்கு அனுப்புவது எங்களைப் போன்ற காண்ட்ராக்ட் ஆட்களைத்தான்.

"இந்த மாசம் ஒரு லிஸ்ட்கூட லேட் ஆகக்கூடாது ஜெயா. லேட் ஆனா பேப்பர்ல வரும். பேப்பர்ல வந்தா விலை எறங்கும். எறங்கினா நீயும் நானும் வீட்ல."

மதியம் வந்த பட்டியல்: மாட்டு நோய் பற்றிய வதந்தி என்று ஒரு அரசு அலுவலகம் அனுப்பிய புகார். நாற்பத்திரண்டு வீடியோ. எல்லாம் தமிழ், ஆகவே என் தலையில். மற்ற இரண்டு பட்டியலையும் முடிப்பதற்குள் இதன் கெடு நெருங்கிவிட்டது. கெடு நெருங்கினால் திரையில் உள்ள கடிகாரம் சிவக்கும். பக்கத்து சீட் நந்தினி கன்னடத்தில் கத்தினாள்: "அக்கா, கெம்பு ஆய்த்து!" முதல் மூன்றைத் திறந்தேன். பால் குடித்தால் சாவு என்கிறான் ஒருவன். மற்ற இரண்டும் அதே புளுகு. மீதி முப்பத்தொன்பதையும் மொத்தமாக டிக் செய்து நீக்கினேன். பதினோரு நிமிடம் மிச்சம்.

இதற்கு ஆபீசில் என் பெயரையே வைத்துவிட்டார்கள்: ஜெயா மெத்தட். ஒரே இடத்திலிருந்து ஒரே புகாராக வந்தால் முதல் மூன்றைப் பார்த்தால் போதும். தவறாக விட்டுவைத்தால் கம்பெனிக்கு அபராதம். தவறாக எடுத்தால் யாரும் கேட்பதில்லை. போன வருஷம் இதற்காக எனக்கு மிக்ஸி கொடுத்தார்கள்.

அடுத்த புதன் டீம் லீட் இன்டர்வியூ. நீலப் புடவைக்கு இஸ்திரி.
பெருங்காயம். கரண்ட் பில். குடைக் கம்பி.

ஜூலை 9, புதன்

மழை இல்லை, வெயிலும் இல்லை.

காலை ஏழு மணிக்கு ஹனூரிலிருந்து என் அண்ணன் மாதேசு போன். இந்த நேரத்தில் பால் கறந்துகொண்டிருப்பார், கூப்பிட மாட்டார்.

"அம்மிணி, என்ற சேனலைக் காணோம். காத்தால பார்த்தா மொத்தமும் போயிருச்சு. என்னமோ சட்ட விரோதம்னு எழுதிப் போட்டிருக்குது. நான் என்ன கஞ்சாவா வித்தேன்? மாடுதானே வித்தேன்."

அண்ணனின் சேனலில் விற்பனைக்கு வரும் மாடுகளைக் காட்டுவார். பல், மடி, சுழி, நடை எல்லாம். குறை இருந்தால் குறையையும் சொல்லிவிடுவார். மலைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் அந்தியூர், சத்தி வரைக்கும் பார்ப்பார்கள். நான்கு வருஷ உழைப்பு. வரும் கமிஷனில்தான் வீடு ஓடுகிறது. சினிமாப் பாட்டு சேர்த்ததற்காக ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை வாங்கியிருந்தார். மூன்றாவது வந்தால் சேனலே போய்விடும்.

"நீ அங்கதானே வேலை செய்யறே? ஒரு வார்த்தை சொல்லிப் பாரு கண்ணு."

"அது வேற டிபார்ட்மெண்டுங்கண்ணா."

எவ்வளவு வேகமாக வந்தது அந்தப் பொய்.

ஆபீஸ் போனதும் நேற்றைய பட்டியலைத் திறந்தேன். இருபத்தேழாவது வீடியோவில் அண்ணன். தோளில் பச்சைத் துண்டு, பின்னால் காலியான சந்தை. "பால் குடிக்கலாம், பயப்பட வேண்டாம். தோல்ல கட்டி வந்த மாட்டைத் தனியாக் கட்டுங்க. வர்ற திங்கக்கெழமை மாட்டாஸ்பத்திரி முன்னால ஊசி போடறாங்க, மறக்காம ஓட்டியாங்க." அவ்வளவுதான் வீடியோ. புகார் எழுதியவர், "மாடு", "நோய்" என்று தேடி, வந்ததையெல்லாம் அள்ளிப் போட்டிருக்கிறார். நான் அதை அப்படியே வாங்கிக் குப்பையில் கொட்டியிருக்கிறேன்.

இரண்டரை நிமிட வீடியோ. என்னிடம் பதினோரு நிமிடம் இருந்தது.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

ஜூலை 12, சனி

லீவு. நல்ல காற்று.

அண்ணன் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். கொள்ளேகாலில் மாறி, நின்றுகொண்டே வந்தாராம். ராகி மாவு, ஒரு பாட்டில் நெய், பையில் அவரைக்காய். வந்ததும் வராததுமாக ஈரத் துணியைப் பார்த்தார். வராந்தாவுக்குள் இரண்டு ஆணி அடித்துக் கயிறு கட்டிக் கொடுத்தார். நான் எட்டு மாதமாக வீட்டு ஓனரைக் கேட்டுக்கொண்டிருக்கும் வேலை, பத்து நிமிடம்.

மேல்முறையீடு எழுத உட்கார்ந்தோம். அவர் சொல்ல, நான் போனில் அடிக்க.

"அய்யா, நான் பொய் பேசலைன்னு எழுது. வேணும்னா பாட்டை எடுத்துடறேன்னு எழுது. அந்த ஆபீசரு எங்கூட ஒரு நா சந்தைக்கு வரோணும்னு எழுது."

"அதெல்லாம் எழுதக்கூடாதுங்கண்ணா."

"என்ன பண்ணோணுமோ பண்ணு. உனக்குத்தான் தெரியும்."

எனக்குத்தான் தெரியும். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். நானே சட்னி அரைக்கிறேன் என்று.

"நல்ல மிக்ஸியா இருக்குதே! எங்க வாங்குனே?"

"ஆபீஸ்ல குடுத்தாங்க."

"சும்மா குடுப்பானா? வேலை பார்த்திருக்கறே, குடுத்திருக்கறான்."

நாலு தோசை சாப்பிட்டார். நான் ஒன்று.

மூன்று மணிக்கு பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாகச் சொன்னது: "மூஞ்சி தெரியாதவன்கூட என்ற பேச்சை நம்பி மாடு புடிச்சான் அம்மிணி. இப்ப ஊருக்குள்ள, என்ன தப்புப் பண்ணுனேன்னு கேக்கறாங்க."

பஸ் போன பிறகும் ஸ்டாண்டிலேயே நின்றேன். ஒரு காரியமும் இல்லை.

ஜூலை 14, திங்கள்

மறுபடி தூறல். கேப் லேட்.

அண்ணனின் மேல்முறையீடு நந்தினிக்குப் போயிருக்கிறது. ஒருவர் எடுத்ததை இன்னொருவர்தான் பார்க்க வேண்டும் என்று விதி. நந்தினி கன்னட மீடியம். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் வீடியோவை முழுசாகப் பார்த்தாள். இரண்டு தடவை. அவளுக்கு மெத்தட் எதுவும் பழக்கமில்லை.

நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள்: "அக்கா, இவர் தப்பா ஒண்ணும் சொல்லல்ல. ஊசி போடுங்கன்றார், அஷ்டே, அவ்ளோதான். திருப்பிக் குடுத்துடறேன். ஆனா காரணம்னு ஒரு கட்டம் இருக்கே, முழுசாப் பார்க்காம எடுத்ததுன்னு போட்டா லிஸ்ட் பூரா ஆடிட்டுக்குப் போகும். உங்க பேர் வரும். என்ன பண்ணட்டும்?"

அவர் என் அண்ணன் என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

"புதன் சாயங்காலம் வரைக்கும் வை" என்றேன். "அப்புறம் திறந்துக்கலாம்."

"சரி அக்கா."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று வெளியே ஆயிரம் சொல்லலாம். இங்கே ஒன்றுதான்: இன்டர்வியூ. இரண்டு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். சம்பளம் கூடினால் அண்ணனுக்கே நல்ல போன் வாங்கித் தரலாம் என்றும் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் அண்ணன் போன். ஊசி போடும் இடத்துக்குப் பாதி மாடுகூட வரவில்லையாம். தேதி தெரியாது என்றார்களாம். "வீட்டு வீடாப் போய்ச் சொல்லிப் பார்த்தேன், எத்தன வீட்டுக்குப் போறது?"

ஜூலை 16, புதன்

நீலப் புடவை. பெங்களூரிலிருந்து இரண்டு பேர் வீடியோவில். ஜெயா மெத்தட்டை விளக்கச் சொன்னார்கள். விளக்கினேன். "பிரில்லியண்ட்" என்றார் கண்ணாடிக்காரர். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

முடியும்போது ஆறரை. நந்தினி கிளம்பி ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தாள். "நாளைக்குக் காலைல வந்ததும் அந்த மாட்டு வீடியோவைத் திறந்துடு" என்றேன். "முதல் வேலை அதுதான் அக்கா."

ஜூலை 17, வியாழன்

பளிச்சென்ற வெயில்.

சர்க்காரும் கம்பெனியும் ராசியாகிவிட்டார்கள். நேற்று ராத்திரியே பேசி முடித்துவிட்டார்களாம். அமைச்சரும் கம்பெனிப் பெரியவரும் கை குலுக்கும் படம் எல்லா போனிலும். வழக்கு வாபஸ். வரி மிரட்டலும் அடங்கிவிட்டது. ஷேர் விலை ஏறுகிறது. சு.சா. சொந்தக் காசில் கேக் வாங்கி வந்திருந்தார்.

நந்தினி கூப்பிட்டாள். அவள் திரையில் அண்ணனின் விண்ணப்பம் சாம்பல் நிறத்தில். எந்தப் பொத்தானும் வேலை செய்யவில்லை. காலையில் வந்த மெயிலைக் காட்டினாள்: ஒப்பந்தப்படி இதுவரை வந்த அரசுப் பட்டியல்கள் எல்லாம் முடிந்தவை. அவற்றின் மேல் உள்ள முறையீடுகள் இன்றோடு மூடப்படுகின்றன. எடுத்தவை நிரந்தரமாக அழிக்கப்படும்.

நேராக சு.சா.விடம் போனேன். அவர் கையில் கேக் கத்தி இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அது என் அண்ணன். எடுத்தது நான். நிறுத்திவைக்கச் சொன்னதும் நான்.

கத்தியைக் கீழே வைத்தார். கெட்ட மனுஷன் இல்லை.

"நேத்து சொல்லியிருந்தா ஒரு கிளிக் அல்லவாம்மா. நானே பண்ணியிருப்பேனே. இப்ப அந்த அமைச்சரே வந்தாலும் ஆகாது." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஆய்த்து, விடு. சும்மா வெளிய பேசாதே. டீம் லீட் உனக்கு ஆயிருக்கு."

ஒரு துண்டு வெட்டிப் பேப்பர் தட்டில் கொடுத்தார். பைனாப்பிள் கேக். சாப்பிட்டேன். எழுதித்தான் ஆக வேண்டும்: முழுசாகச் சாப்பிட்டேன்.

அந்தப் பட்டியலில் மீதி ஆட்கள் யார் யாரென்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. எத்தனை பேருடைய அண்ணனோ.

ஜூலை 20, ஞாயிறு

துணி எல்லாம் காய்ந்துவிட்டது, அண்ணன் கட்டிய கயிற்றில்.

மத்தியானம் ஒரு லிங்க் அனுப்பினார். புது சேனல். பழையபடி பச்சைத் துண்டு, ஒரு சிவலைப் பசு. இந்தத் தடவை பாட்டு இல்லை. மாட்டைக் காட்டுவதற்கு முன்னால் கை கூப்பிக்கொண்டு சொல்கிறார்:

"பழைய சேனல் போயிருச்சுங்க. மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கறேன். மைசூர்ல என்ற தங்கச்சி அந்தக் கம்பெனி வேலையிலதான் இருக்குது. எனக்காக ரொம்பப் பாடுபட்டுச்சு. அதுக்கு முதல்ல ஒரு நன்றி சொல்லோணும்."

பார்வை நான்கு என்று காட்டுகிறது. அதில் மூன்று நான்.

கீழே எழுதும் கட்டத்தில், "எடுத்தது நான்தான் அண்ணா" என்று அடித்தேன். அழித்தேன். மறுபடி அடித்தேன். அழித்துவிட்டு ஒரு கும்பிடு மட்டும் போட்டேன்.

உடனே அண்ணன் அதற்கு ஹார்ட் போட்டார்.